ஒரு வாளியின் வரலாறு: பினாயில் வாடையும் கிருமியின் சாவும்

1

மாசிக் கொடை நாட்களில் மண்டைக்காட்டுக்குப் போயிருப்பவர்கள் கவனித்திருக்கலாம். பஸ்ஸை விட்டு இறங்கிக் கோயிலுக்கு நடக்கிற சாலையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு போகும். கோலப்பொடி அல்ல, பிளீச்சிங் பவுடர். கேரளத்திலிருந்து இருமுடியோடு வருகிற பெண்கள் அதை மிதிக்காமல் தாண்டிப் போகிறார்கள். மிதிக்கக்கூடாது என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. கோடு என்று ஒன்று போட்டுவிட்டால், அது எதையோ தடுத்து நிறுத்துகிறது என்று நாம் நம்பிவிடுகிறோம்.

மண்டைக்காடு என்றதும் சிறுபத்திரிகை வாசகருக்கு 1982 மார்ச் கலவரமும் வேணுகோபால் கமிஷனும்தான் நினைவுக்கு வரும். நான் பேசப்போவது அதைப்பற்றி அல்ல. அந்த வெள்ளைக் கோட்டைப்பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தக் கோட்டுக்கும் ஆஸ்பத்திரி வார்டில் நிற்கிற ஒரு பிளாஸ்டிக் வாளிக்கும் உள்ள உறவைப்பற்றி.

பிளீச்சிங் பவுடர் புதிதாக இருக்கும்போது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேலை செய்யக்கூடிய குளோரின் உண்டு. வெயிலும் ஈரக்காற்றும் படப்பட அது குறைந்துகொண்டே போகும். கடலோர ஊரில் வாய் திறந்து கிடக்கும் சாக்கில் எத்தனை நாள் மிஞ்சும்? மிஞ்சினாலும் அது தண்ணீரில் கரைந்துதான் வேலை செய்யும். காய்ந்த மண்மேல் தூவினால் மண்ணில் உள்ள அழுக்கே அதைத் தின்று தீர்த்துவிடும். கோட்டில் எஞ்சுவது வெள்ளை நிறமும் வாடையும்தான். நிறமும் வாடையும் இருக்கிறபடியால் 'சுகாதார ஏற்பாடுகள் செய்யப்பட்டிருந்தன' என்று எழுதிவிடலாம்.

என் சித்திக்குக் கர்ப்பப்பை எடுக்கிற ஆபரேஷன் நடந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. அந்த வார்டை நீங்கள் எல்லா ஊரிலும் பார்த்திருப்பீர்கள். ஐந்தாம் நாள் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்தது. கல்ச்சர் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் கிருமியின் பெயர் கிளெப்சியெல்லா. அதற்குக் கீழே மருந்துகளின் பெயர் வரிசை, ஒவ்வொன்றுக்கும் நேரே 'ஆர்' என்ற எழுத்து. ஆர் என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்காது என்று பொருள். கடைசியில் இரண்டே இரண்டு மருந்துக்கு நேரே மட்டும் 'எஸ்'. தமிழ் எம்.ஏ. படித்தவன் ஒரு பிரதியை இத்தனை பயத்தோடு வாசித்தது அதுதான் முதல் தடவை.

அந்த இரவுகளில் வார்டுத் தரையைத் துடைக்கிற அக்காவோடு பேச்சுக் கொடுத்தேன். வாளியில் பினாயிலை ஊற்றும்போது அளவு ஏதாவது உண்டா என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

"அளவா? மக்ளே, மாசத்துக்கு இம்புட்டுதான்னு கேன் தருவாவ. இருவது நாளுல தீந்துபோவும். பின்ன நான் எங்க போவ? வெள்ளத்தக் கூட்டி ஊத்துவேன். வெள்ளையாட்டு கலங்குனாப் போரும், மணம் வந்தாப் போரும். சூப்பர்வைசரு மூக்க வச்சுத்தான பாப்பாரு."

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவதன் பாதியை அவள் சொல்லிவிட்டாள். மீதிப் பாதி வரலாறு.

2

முதலில் ஒரு சுயவிமர்சனம். இந்தப் பக்கங்களில் எழுதுகிற நாம் மருத்துவத்தைப் பெரும்பாலும் அதிகாரத்தின் சொல்லாடலாகவே வாசித்து வந்திருக்கிறோம். ஃபூக்கோ 1963இல் மருத்துவமனையின் பிறப்பைப்பற்றி எழுதினார். மேரி டக்ளஸ் 1966இல் அழுக்கு என்பது இடம் மாறிக் கிடக்கும் பொருள்தான் என்று விளக்கினார். இரண்டையும் சேர்த்துப் படித்தவனுக்கு 'சுகாதாரம்' என்ற சொல்லைக் கேட்டாலே தீட்டின் வாடை அடிக்கும். நானும் அப்படி எழுதியவன்தான். வார்டில் கிடக்கிற மண் அழுக்கு, மண்டைக்காட்டுப் புற்றில் இருக்கிற மண் அம்மன். மண் ஒன்று, இடம்தான் வேறு. அந்தப் புற்று அடிபட்டபோது ரத்தம் கசிந்தது, சந்தனம் சாத்தியதும் நின்றது என்று ஊரில் சொல்லும் கதைகளில் ஒன்று உண்டு. இதை வைத்துக்கொண்டு காயம், மண், மருந்து, புனிதம் என்று பத்துப் பக்கம் எழுதத் தெரியும் எனக்கு.

இப்படி வாசிப்பதற்கு இந்த மண்ணில் நியாயமும் உண்டு. திருவிதாங்கூரில் இன்ன சாதிக்காரன் இன்ன சாதிக்காரனிடமிருந்து இத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்று தீட்டை அளந்து வைத்திருந்தார்கள். 1936 நவம்பர் 12இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை அரசாங்கக் கோயில்களின் கதவு பாதிச் சனத்துக்கு மூடித்தான் கிடந்தது. 'தூய்மை' என்ற சொல்லை இங்கே யாரும் வெறுங்கையோடு உச்சரிக்க முடியாது.

ஆனால் சித்தியின் கட்டில் அருகே உட்கார்ந்திருந்தபோது இந்த வாசிப்பு எனக்கு உதவவில்லை. கிளெப்சியெல்லா ஒரு சொல்லாடல் அல்ல. நாம் நம்பினாலும் நம்பாவிட்டாலும் அது பெருகும். அதற்குச் சாதி தெரியாது, இடம் பொருள் ஏவல் தெரியாது. ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்கவேண்டியிருந்தது. கிருமி நிஜம், அதைக் கொல்கிற ரசாயனமும் நிஜம். அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது? மருந்துக்கே சாகாத கிருமி பினாயிலுக்குச் சாகுமா?

பதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சாகும். மாத்திரைக்கும் ஊசிக்கும் அடங்காத கிருமிகள் பெரும்பாலும், சரியான அளவில் கலக்கிய கிருமிநாசினிக்கு மற்றக் கிருமிகளைப்போலவே செத்துப்போகின்றன. காரணம் எளிது. ஆண்டிபயாட்டிக் என்பது பூட்டுக்கேற்ற சாவி மாதிரி. கிருமியின் உடம்பில் ஏதோ ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தாக்கும். அந்த இடத்தைக் கிருமி மாற்றிக்கொண்டால் மருந்து தோற்றுவிடும். குளோரினும் பினாயிலும் சாவி அல்ல, கடப்பாரை. சவ்வையும் புரதத்தையும் பல இடத்தில் ஒரே நேரத்தில் உடைக்கிறவை. கடப்பாரைக்குத் தப்புவது கஷ்டம்.

ஆனால் இதற்கு நிபந்தனைகள் உண்டு. எவ்வளவு ஊற்றினோம், எவ்வளவு நேரம் ஈரமாக இருந்தது, எந்த அழுக்கின்மேல் ஊற்றினோம், யார் எந்த நிலைமையில் ஊற்றினார்கள். ரசாயனம் முதல் மூன்றைத்தான் பேசும். நாலாவதைப் பேசுவதற்கு வரலாறு வேண்டும்.

3

கிருமிநாசினியின் வரலாறு கிருமி என்ற கருத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அதுவும் வாடையில்தான் தொடங்குகிறது.

வியன்னாப் பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதலாவதில் மருத்துவ மாணவர்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். 1846இல் முதல் பிரிவில் பிள்ளை பெற்ற நூறு பேரில் 11 பேருக்குமேல் பிரசவ ஜன்னியில் செத்தார்கள். இரண்டாம் பிரிவில் மூன்று பேருக்கும் குறைவு. மாணவர்கள் பிணம் அறுக்கிற அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வருகிறார்கள் என்பதை இக்னாஸ் செம்மெல்வைஸ் கவனித்தார். சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் பிண வாடை போகவில்லை. அந்த வாடையைப் போக்குகிற ஒன்றாக அவர் குளோரின் நீரைத் தேர்ந்தார். விலை அதிகம் என்பதால் கொஞ்ச நாளில் சுண்ணாம்புக் குளோரைடுக்கு மாறினார். இன்றைக்கு மண்டைக்காட்டுச் சாலையோரத்தில் கிடப்பதும் அதே சரக்குதான். 1847 ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த சாவு 1848இல் ஆண்டு முழுவதற்குமாக 1.3 சதவீதத்துக்கு இறங்கியது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். செம்மெல்வைஸ் சொன்னதன் பொருள், தாய்மாரைக் கொல்வது மருத்துவர்களின் கை என்பது. அழுக்கு ஏழையிடமிருந்து வருகிறது, மருத்துவச்சியிடமிருந்து வருகிறது என்று யாராவது நிரூபித்திருந்தால் ஒரே நாளில் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். கனவானின் கை அழுக்கு என்று ஒரு ஹங்கேரிக்காரன் சொன்னால் எப்படிப் பொறுப்பார்கள்? அவருடைய வேலை நீட்டிக்கப்படவில்லை. 1865 ஆகஸ்ட் 13இல் மனநோய் விடுதி ஒன்றில் புண் புரையோடிச் செத்தார்.

அதற்கு முந்தின நாள், ஆகஸ்ட் 12இல், கிளாஸ்கோவில் வண்டி ஏறிக் காலொடிந்த ஒரு பையனின் காயத்துக்கு ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலம் நனைத்த துணியால் கட்டுப்போட்டார். காயம் புரையோடாமல் ஆறியது. லிஸ்டருக்கு அந்த அமிலம் எங்கிருந்து கிடைத்தது? கார்லைல் நகரத்தில் சாக்கடை நாற்றத்தைப் போக்க அதை ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து. சாக்கடைக்காரர்களின் கைச்சரக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்தது. நுழைந்தபிறகு அது லிஸ்டரின் கண்டுபிடிப்பாயிற்று. நம் வீட்டுக் கக்கூசில் ஊற்றுகிற கறுப்புப் பினாயில் அந்தக் கார்பாலிக் அமிலத்தின் ஒன்றுவிட்ட தம்பி. நிலக்கரித் தாரிலிருந்து வந்த அதே குடும்பம்.

மண்டைக்காட்டிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் நெய்யூர். லண்டன் மிஷன் சங்கம் 1838இல் மருத்துவ ஊழியம் தொடங்கிய ஊர். ஆர்ச்சிபால்டு ராம்சே, கடலில் குளிக்கப்போய் 1854இல் மூழ்கிச் செத்த சார்லஸ் லீச், 1860களில் ஜான் லோ, எவரெஸ்டிலிருந்து இறங்கி வந்து 1923இலிருந்து இங்கே கத்தி பிடித்த சோமர்வெல் என்று ஒரு வரிசை உண்டு. சோமர்வெல் தன் அனுபவங்களைப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். இந்தப் பெயர்கள் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் அத்தனை ஆபரேஷனுக்குப் பிறகும் தரையில் கிடந்த ரத்தத்தைக் கழுவியவர்களின் ஒரு பெயர்கூட எனக்குத் தெரியாது. நான் வாசித்த எந்த வரலாற்றிலும் அவர்கள் வரவில்லை. இதை மிஷன்காரர்கள்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியின் வரலாறும் இப்படித்தான், அறுத்தவரின் வரலாறாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. துடைத்தவருக்கு வரலாறு இல்லை. ஆனால் செம்மெல்வைஸும் லிஸ்டரும் காட்டியது, பிழைப்பதும் சாவதும் துடைப்பதில் இருக்கிறது என்பதைத்தானே?

4

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கடைகளில் நூறு விதமான கிருமிநாசினிகள் வந்துவிட்டன. எது நல்லது என்று எப்படிச் சொல்வது? 1903இல் ரிடீல், வாக்கர் என்ற இரண்டு இங்கிலாந்துக்காரர்கள் ஒரு சோதனை முறையை உண்டாக்கினார்கள். டைபாய்டுக் கிருமியை எடுத்து, சுத்தமான வடிநீரில் கலக்கிய கிருமிநாசினியில் விட்டு, எத்தனை நிமிடத்தில் சாகிறது என்று பார்ப்பது. அதே வேலையைக் கார்பாலிக் அமிலம் எத்தனை அடர்த்தியில் செய்கிறதோ அதோடு ஒப்பிட்டு ஒரு எண் தருவது. எண் 10 என்றால் கார்பாலிக்கைவிடப் பத்து மடங்கு. நம்மூர்ப் பினாயில் கேன்களில் 'ஆர்.டபிள்யூ.சி.' என்று ஒரு எண்ணைப் போட்டிருப்பதை இனிமேல் கவனித்துப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயமும் பினாயிலை இந்த எண்ணை வைத்துத்தான் தரம் பிரித்தது.

இதில் என்ன கோளாறு? கோளாறு அந்த வடிநீரில் இருக்கிறது. ஆஸ்பத்திரித் தரையில் வடிநீர் கிடையாது. சீழ், ரத்தம், மலம், வாந்தி, சிந்தின கஞ்சி, செருப்பு மண். இந்த அழுக்கெல்லாம் கிருமிக்கு முன்னால் பாய்ந்து கிருமிநாசினியைத் தின்றுவிடும்.

இதைச் சோதனைக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஒரு பெண். லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் 1905இல் சேர்ந்த ஹாரியட் சிக். பெண்ணைச் சேர்க்கக்கூடாது என்று உள்ளே இருந்தவர்கள் சிலர் இயக்குநரிடம் முறையிட்டார்களாம். இயக்குநர் சார்லஸ் மார்ட்டின் கேட்கவில்லை. 1908இல் இருவரும் சேர்ந்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அதில் வடிநீருக்குள் உலர்ந்த மனித மலத்தைக் கலந்தார்கள். சுத்தமான தண்ணீரில் பெரிய எண் வாங்கிய பல சரக்குகள் மலம் கலந்த தண்ணீரில் முகம் தொங்கிப்போயின. கிருமி ஒரே அடியில் சாவதில்லை, அடர்த்தியையும் நேரத்தையும் பொறுத்துப் படிப்படியாகத்தான் சாகிறது என்ற விதியையும் சிக் அதே ஆண்டில் வகுத்தார்.

எனக்கு இந்த இரண்டு சோதனைகளும் இரண்டு அறிவு முறைகளாகப் படுகின்றன. ஒன்று உலகத்தைத் துடைத்து வைத்துவிட்டு அளக்கிறது. மற்றது அழுக்கை உள்ளே வைத்துக்கொண்டே அளக்கிறது. டெண்டர் போடுகிற அலுவலகத்துக்கு முதலாவது வசதி. ஒரு எண், ஒரு விலை, ஒரு கையெழுத்து. வார்டைத் துடைக்கிற அக்காவுக்குத் தெரிந்தது இரண்டாவது. ரத்தம் காய்ந்த இடத்தில் முதலில் வெறும் தண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்க்காமல் எதை ஊற்றியும் பிரயோசனம் இல்லை என்பதை அவள் ஹாரியட் சிக் படிக்காமலேயே சொன்னாள். அந்தத் தேய்ப்புக்கு நேரம் வேண்டும், ஆள் வேண்டும். நாற்பது கட்டிலுக்கு அவள் ஒருத்தி. பத்து நிமிடம் ஈரமாக இருக்கவேண்டிய தரை மேலே ஃபேன் சுழல்கிறபடியால் இரண்டு நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது. 'பத்து நிமிடம்' என்று கேனில் அச்சடித்தவருக்கு ஃபேன் தெரியாது.

5

அளவு குறைந்தால் என்ன ஆகும்? கிருமி சாகாது, அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன். அது மட்டுமல்ல.

கெர்ஹார்ட் டோமாக் என்ற ஜெர்மானியர் 1935இல் இரண்டு விஷயங்களை அறிவித்தார். ஒன்று, சல்ஃபா மருந்தின் முன்னோடியான பிரான்டோசில். உள்ளே போய்க் கிருமியைத் தாக்கும் நவீன மருந்துகளின் காலம் அதோடு தொடங்கியது. இன்னொன்று, குவாட்டர்னரி அமோனியம் என்ற வகைக் கிருமிநாசினி. வாடை அதிகமில்லாமல், கையை அரிக்காமல் இருப்பதால் ஆஸ்பத்திரிகள் அதை விரும்பி ஏற்றன. சாவ்லான் புட்டியில் இருக்கிற செட்ரிமைடும் இந்த வகைதான். மருந்தும் துடைப்பு நீரும் ஒரே ஆளிடமிருந்து, ஒரே ஆண்டில் வந்தன.

கிருமிகள் இரண்டையும் சேர்த்தே படித்தன. எத்தனையோ ஆஸ்பத்திரிக் கிருமிகளுக்குள் ஒரு நகரும் மரபணுத் துண்டு காணப்படுகிறது. அதில் சல்ஃபா மருந்தை எதிர்க்கிற மரபணுவும், குவாட்டர்னரியை வெளியே பம்ப் செய்து தள்ளுகிற மரபணுவின் ஒரு வெட்டுண்ட பிரதியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இந்தத் துண்டு பரவியதற்கே கிருமிநாசினிகள் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இந்த பம்ப் பெரிய வலுவுள்ளது அல்ல. முழு அளவில் ஊற்றினால் கிருமி செத்துப்போகும். ஆனால் தண்ணீர் கூட்டி ஊற்றினால் பம்ப் உள்ளது பிழைக்கும், இல்லாதது சாகும். பிழைத்தது தன் துண்டை அடுத்ததற்குக் கைமாற்றும். துண்டில் ஒட்டியிருக்கிற மருந்து எதிர்ப்பும் கூடவே போகும். நீர்த்த வாளி வெறும் வீண் அல்ல, சில நேரம் அது ஒரு பள்ளிக்கூடம்.

சில நேரம் வீடாகவும் இருக்கும். 1951இல் பர்மிங்ஹாமில் லோபரி என்ற மருத்துவர் செட்ரிமைடு புட்டிகளிலேயே சூடோமோனாஸ் கிருமி வளர்வதைக் கண்டு எழுதினார். புட்டியை மூடிய மரத்தக்கை மருந்தை உறிஞ்சிக்கொண்டது. கிருமி தக்கையில் குடியிருந்தது. காயத்தைச் சுத்தப்படுத்துகிறோம் என்று நினைத்துக் கிருமியைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பழைய கேனில் மிச்சம் இருக்கும்போதே மேலே புதிதாக ஊற்றி நிரப்புகிற பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது.

2010 ஆகஸ்டில் லான்செட்டின் தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்து ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பாபெனம் மருந்துகளையே உடைக்கிற என்.டி.எம்.-1 என்ற மரபணு, சென்னையில் 44 கிருமி மாதிரிகளிலும் ஹரியானாவில் 26லும் பிரிட்டனில் 37லும் இருந்தது. இந்தியாவில் எழுந்த கோபம் எதன்மேல்? கிருமியின்மேல் அல்ல, பெயரின்மேல். பெயரில் 'நியூ டெல்லி' இருந்தது. தேசத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கொதித்தார்கள். பெயர் வைத்தது தப்புதான். லான்செட்டின் ஆசிரியரே அடுத்த ஆண்டு அதை ஒப்புக்கொண்டார். ஆனால் பெயரைப்பற்றிப் பேசிய வாய்களில் பத்தில் ஒன்று சாக்கடையைப்பற்றியும் வாளியைப்பற்றியும் பேசியிருந்தால் என்று தோன்றுகிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாகச் செத்தவர்கள் உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று 2022இல் ஒரு மதிப்பீடு வந்தது. அப்போது யாரும் கொதித்ததாக நினைவில்லை. எண்ணுக்கு ஊர்ப்பெயர் இல்லையே.

6

2020ஐ நாம் மறந்திருக்க முடியாது. மார்ச் கடைசியில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்களைத் தரையில் உட்காரவைத்து, பஸ் கழுவுகிற மாதிரிக் குளோரின் கரைசலைப் பீய்ச்சி அடித்தார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர்ச் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் அமைத்தார்கள்; சனங்கள் கையைத் தூக்கிக்கொண்டு அதற்குள் நடந்தார்கள். சில நாட்களில் தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறையே இது பயனற்றது, கெடுதலானது என்று நிறுத்தச் சொன்னது. அந்த மாதமே மத்திய அரசும் மனிதர்மேல் தெளிக்காதீர்கள் என்றது.

பரேலியில் நடந்தது எந்தச் சடங்கு என்று நமக்கு விளக்கத் தேவையில்லை. தரைக்கு உரியதை மனிதன்மேல் ஊற்றுவது தீட்டுக் கழிப்பு. தரைக்கு உரியதைத் தரைக்கு உரிய அளவில் தராமல் வாடையை மட்டும் தருவதும் அதே சடங்கின் இன்னொரு பாதி. இரண்டிலும் கிருமி சாவதில்லை. இரண்டிலும் பார்க்கிறவருக்கு மனசு நிறைகிறது. இந்த இடத்தில்தான் நம் கோட்பாட்டு வாசிப்பு பயன்படுகிறது. கிருமி சொல்லாடல் அல்ல. பினாயில் வாடை சொல்லாடல். சுத்தம் என்பதன் குறிப்பான் அது. குறிப்பானை மட்டும் காசுகொடுத்து வாங்கிவிட்டுக் குறிப்பீட்டைக் கூலி கொடுக்காமல் விட்டுவிட்டோம்.

அதே 2020இல் துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று தமிழக அரசு மாற்றியது. நல்ல சொல். ஆனால் பல ஆஸ்பத்திரிகளில் அந்த வேலை கான்ட்ராக்டிடம் போய்விட்டது. சொல் மாறியது, கூலிச் சீட்டைத் தருகிறவரும் மாறினார், கேன் தீர்கிற நாள் மாறவில்லை.

சித்தி பிழைத்துக்கொண்டாள். 'எஸ்' என்று போட்டிருந்த இரண்டு மருந்தில் ஒன்று வேலை செய்தது. அதற்கு ஆன செலவைப்பற்றி எழுதினால் இது வேறு கட்டுரையாகிவிடும். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனபோது வார்டில் அந்த அக்காவைக் காணோம். வேறொரு பெண் துடைத்துக்கொண்டிருந்தாள், சின்ன வயது. கேட்டேன்.

"அவிய இல்ல. வார்டுல இன்ஃபெக்‌ஷன் கூடிப்போச்சுன்னு மாத்திட்டாவ. கிளீனிங் செரியில்லன்னு சொல்லி."

வாளி அதே வாளி. கேனும் அதே கேன். வியன்னாவில் கனவான்களின் கையைக் குற்றம் சொன்னவனை அனுப்பினார்கள். இங்கே குற்றம் சொல்லக்கூட வாய் திறக்காதவளை அனுப்பிவிட்டார்கள். மருந்துக்கு அடங்காத கிருமி என்ற உலகளாவிய பிரச்சினைக்கு அந்த வார்டு கண்ட தீர்வு அது.

இயக்கங்களில் வேலை செய்கிற நண்பர்கள் ஆஸ்பத்திரி முன்னால் மருந்துத் தட்டுப்பாட்டுக்காகவும் டாக்டர் இல்லாததற்காகவும் கூடியிருக்கிறார்கள், நானும் நின்றிருக்கிறேன். இனி கேட்கவேண்டிய சின்னச் சின்ன விஷயங்கள் சிலவற்றை எழுதிவைக்கிறேன். வாளியில் கோடு போட்ட அளவும், கேனோடு ஒரு அளவுக் குவளையும். கேன் திறந்த தேதி மேலே எழுதப்பட்டிருப்பது. மிச்சத்தின்மேல் ஊற்றாமல் கழுவிக் காயவைத்து நிரப்புவது. முதலில் சோப்பு, பிறகு கிருமிநாசினி, பிறகு காத்திருப்பு. அந்தக் காத்திருப்புக்கும் சேர்த்துக் கூலி. கையுறை. பிளீச்சிங்கோடு ஆசிட்டைக் கலந்தால் விஷப்புகை வரும் என்பதைத் துடைக்கிறவருக்குச் சொல்லிக்கொடுப்பது. ஆஸ்பத்திரியில் தொற்றைப்பற்றிப் பேசக் கூடுகிற கமிட்டியில் துடைக்கிறவர்களில் ஒருவருக்கு நாற்காலி. இதில் எதுவும் புரட்சி இல்லை. ஆனால் இவற்றில் ஒன்றைக்கூட நாம் இதுவரை எந்தத் தட்டியிலும் எழுதியதில்லை.

அடுத்த மாசியில் சித்தி நேர்ந்துகொண்டபடி மண்டைக்காட்டுக்குப் போனோம். மண்டையப்பம் வைத்தாள். திரும்பும்போது சாலையோரத்தில் ஒருவர் சாக்கிலிருந்து வெறுங்கையால் பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கோடு போட்டுக்கொண்டு வந்தார். முகத்தில் ஒரு துண்டைக் கட்டியிருந்தார், கண் சிவந்திருந்தது. சித்தி சேலையைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். நான் நின்று அவரிடம், அந்தச் சாக்கு எப்போது பிரித்தது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை.